நீங்க எந்த குரூப்பு?

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. இருக்கானா போயிட்டானான்னு கேட்டு ரெண்டு பேர் மெயில் போட்டிருந்தீங்க. (ரெண்டே பேர்தான். ஞாபகம் வெச்சுக்கறேன்.) இருக்கேன் மக்களே. அதே பேர்லேண்ட், அதே சித்தி வீட்டு மாடி ரூம், காலையில அதே 288 ஹைவே டிராஃபிக். ஊருக்கு இந்தப் பேரு வந்ததே பேரிக்காய் மரங்களாலதான். ரெண்டு வருஷமா இருக்கேன், ஒரு பேரிக்காய் மரத்தையும் கண்ணால பாத்ததில்லை. அதை இன்னொரு நாள் பொலம்பறேன்.

டிஸ்கி: இது கொஞ்சம் பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம். மத்தவங்களும் படிக்கலாம், நடுவுல ஒரு தாத்தா வருவார்.

நம்மூர்ல பத்தாவது முடிச்சதும் சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கிற ஒரே கேள்வி, "நீ எந்த குரூப்பு?" ஃபர்ஸ்ட் குரூப்புன்னா ஒரு மரியாதை, மத்ததுன்னா ஒரு "ஓஹோ". அப்பாலிக்கா அரசு வேலைக்குப் போனா குரூப் ஒண்ணா, குரூப் நாலா. இங்க வந்து மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டே யூனிக்ஸ் பொட்டிகளைக் கட்டி மேய்க்கிற வேலைக்குச் சேந்தா அங்கயும் இதே கேள்வி. ஆனா இந்தத் தடவை தப்பாப் பதில் சொன்னது நான். அந்தத் தப்பைப் பத்தியும், அதனால எனக்கு வந்திருக்கிற ஒரு பிடிவாதமான அபிப்பிராயத்தைப் பத்தியும்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எஃப்-1 விசாவுல செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸ்ல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பாக்கலாம். எனக்குக் கிடைச்சது ஒரு ஆராய்ச்சி லேப். பக்கவாதம் வந்து திரும்ப நடக்கப் பழகுறவங்களோட நடையை வீடியோ எடுத்து, காலு எப்படித் தூக்குறாங்க, எங்க தடுமாறுறாங்கன்னு கணக்குப் போடுற லேப். எல்லா வீடியோவும் பதினாலு லினக்ஸ் பொட்டியிலயும் ஒரு பெரிய ஸ்டோரேஜ்லயும் இருக்கும். ஒவ்வொரு பொட்டியிலயும் தனித்தனி யூசர், தனித்தனி பாஸ்வேர்டு. ஒரு பொட்டியில 1007-ன்னா திருநெல்வேலி அக்கா, இன்னொரு பொட்டியில 1007-ன்னா மூணு வருஷம் முன்னாடி பட்டம் வாங்கிட்டுப் போன ஒரு சீனத்துப் பையன். யூனிக்ஸுக்கு உங்க பேரெல்லாம் தெரியாது மக்களே. ஃபைல் மேல அது எழுதி வைக்கிறது ரெண்டு நம்பர், ஆளு நம்பர் ஒண்ணு, குரூப் நம்பர் ஒண்ணு. 1007-ஐ யாருக்குக் குடுத்தாலும் பழைய 1007-ஓட சொத்தெல்லாம் பட்டா மாறாமலே அவங்களுக்குப் போயிடும். ஸ்டோரேஜ்ல போய் பாத்தா அக்காவோட தீஸிஸ் டேட்டா பாதி அந்தச் சீனத்துப் பையன் பேருல இருந்துச்சு.

புரொபசர் கூப்பிட்டு, "எல்லாத்தையும் யூனிவர்சிட்டி ஆக்டிவ் டைரக்டரியோட சேத்துடு, ஒரே லாகின் ஒரே பாஸ்வேர்டு"ன்னு சொன்னார். ரெண்டு வாரத்துல முடிச்சுடுவேன்னு நானும் கெத்தா சொன்னேன். முடிச்சும் காட்டினேன். அதுதான் பிரச்சனையே.

இந்த டைரக்டரி கதை கொஞ்சம் பழசு. 80-கள்ல சன் கம்பெனி ஒண்ணு கொண்டு வந்தாங்க, பேரு யெல்லோ பேஜஸ். பிரிட்டிஷ் டெலிகாம் இது எங்க டிரேட்மார்க்குன்னு சொன்னதால என்.ஐ.எஸ்-னு மாத்திக்கிட்டாங்க. ஆனா கமாண்டுகள் எல்லாம் இன்னிக்கும் ஒய்.பி-ன்னுதான் ஆரம்பிக்கும். அதுல ஒரு கூத்து என்னன்னா, நெட்வொர்க்ல இருக்கிற எவனும் ஒய்.பி.கேட் பாஸ்வேர்டுன்னு அடிச்சா ஊர்ல உள்ள அத்தனை பேரோட பாஸ்வேர்டு ஹாஷும் திரையில ஓடும். அதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போய் நிதானமா உடைக்கலாம். அந்தக் காலத்துல யாரும் தப்பா நினைக்கலை, ஏன்னா எல்லாரும் நம்ம ஆளுங்க.

அப்புறம் மிச்சிகன் யூனிவர்சிட்டியில எல்டாப் வந்துது, 1993-ல முதல் ஆர்.எஃப்.சி. 1998 மார்ச்ல லூக் ஹோவர்டு ஆர்.எஃப்.சி 2307 எழுதி, யூனிக்ஸ் ஆளு நம்பர், குரூப் நம்பர், ஹோம் டைரக்டரி, ஷெல் இதையெல்லாம் எல்டாப்ல எப்படி வைக்கணும்னு வழி சொன்னார். விண்டோஸ் 2000-ஓட ஆக்டிவ் டைரக்டரி வந்துது. 2003 ஆர்2-ல அந்த 2307 சமாச்சாரமெல்லாம் அதுக்குள்ளயும் வந்து உக்காந்துக்கிச்சு. விண்டோஸ் சர்வர் 2016-ல அதை நிர்வாகம் பண்ற யூனிக்ஸ் டேபை எடுத்துட்டாங்க. டேப் போனதைப் பாத்து வசதியே போச்சுன்னு நிறையப் பேர் நினைச்சுக்கிட்டாங்க. இல்லை, கதவுதான் போச்சு, ரூம் அங்கயேதான் இருக்கு. பவர்ஷெல் வழியா இன்னும் உள்ளே போய் நம்பர் எழுதலாம்.

ஒரு சைடு டிராக். எல்டாப்ல ஒரு மனுஷனைப் பதியணும்னா, பெர்சன்ங்கிற அடிப்படை வகைக்கு ரெண்டு விஷயம் கட்டாயம். முழுப்பேரு, சர்நேம். சர்நேம் கட்டாயமாம்! நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஏதுங்க சர்நேம்? ஒரு இனிஷியலு, ஒரு பேரு, அவ்ளோதான். பாஸ்போர்ட்ல எங்கப்பா பேரை சர்நேம்ல போட்டுட்டாங்க. அதனால யூனிவர்சிட்டி லாகின்ல எங்கப்பா பேருதான் இருக்கு. லேப்ல எல்லாரும் எங்கப்பா பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடறாங்க. ஃபோன்ல சொன்னப்போ அப்பாவுக்கு ஏக சந்தோஷம். என் கூட வந்த ஒருத்தனுக்கு இருக்கிற ஒத்தப் பேரும் சர்நேம் கட்டத்துக்குப் போயிடுச்சு. விசாவுல முதல் பேருக்கு எஃப்.என்.யூ-ன்னு அடிச்சுக் குடுத்துட்டாங்க, தெரியாதுன்னு அர்த்தம். அவனை பாங்க்ல "மிஸ்டர் ஃப்னு"ன்னு கூப்பிட்டாங்க.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

லினக்ஸ் பொட்டியை ஆக்டிவ் டைரக்டரியில சேக்கறது இப்பல்லாம் ரொம்ப சுலபம். ரெல்ம் ஜாயின்னு ஒரு கமாண்டு. எஸ்.எஸ்.எஸ்.டி-ன்னு ஒருத்தர் பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் பாத்துப்பார். டைரக்டரியில ஆளு நம்பர் இல்லைன்னாலும் பரவாயில்லை, விண்டோஸ்ல ஒவ்வொருத்தருக்கும் இருக்கிற எஸ்.ஐ.டி-ங்கிற நீள நம்பரை வெச்சு அவரே கணக்குப் போட்டு ஒரு யூனிக்ஸ் நம்பர் குடுத்துடுவார். அதே ஆளுக்கு எல்லாப் பொட்டியிலயும் அதே நம்பர். 1007 பஞ்சாயத்து ஓவர். ஐ.டி-ன்னு அடிச்சா பேரு, நம்பர், குரூப்புகள்னு வரிசையா வந்து நிக்குது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

வீடியோ ஃபோல்டருக்கு என்ன பெர்மிஷன் குடுத்தேன் தெரியுமா? 770. 777 இல்லை. 777 குடுக்கிறவனைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது, வகுப்புல அதைப் பத்தி லெக்சரே குடுத்திருக்கேன். ஓனருக்கு ஏழு, குரூப்புக்கு ஏழு, வெளியாளுக்கு சைபர். ரொம்பப் பொறுப்பா செஞ்சுட்டோம்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

இங்கதான் ஆப்பு. சாதாரண லினக்ஸ்ல ஒரு யூசரை உண்டாக்கினா அவன் பேருலயே ஒரு தனிக் குரூப்பும் வரும், அதுல அவன் ஒருத்தன்தான் இருப்பான். அதுதான் அவனோட முதன்மைக் குரூப். அவன் புதுசா உண்டாக்குற ஃபைல் எல்லாம் அந்தக் குரூப் பேருல போகும். அதனால 770-ன்னா நடைமுறையில 700 மாதிரிதான். பத்து வருஷமா லினக்ஸ் பாக்கிறவங்களுக்குக் கை அப்படித்தான் பழகியிருக்கும். ஆக்டிவ் டைரக்டரியில முதன்மைக் குரூப் என்ன? டொமைன் யூசர்ஸ். அதாவது யூனிவர்சிட்டியில அக்கவுன்ட் இருக்கிற அத்தனை பேரும். எஸ்.எஸ்.எஸ்.டி தானா நம்பர் போடும்போது அதையே எடுத்து யூனிக்ஸ் முதன்மைக் குரூப்பா வெச்சுடும். நான் பழைய டேட்டாவை என் கணக்குல இருந்து காப்பி பண்ணி வெச்சதால ஃபோல்டர் மொத்தமும் டொமைன் யூசர்ஸ் குரூப்புக்குப் போயிடுச்சு. 770-ல நடு ஏழு யாருக்கு? ஊருக்கே.

அதோட இன்னொண்ணு. ரெல்ம் ஜாயின் பண்ணினதும், நீங்க வேற ஒண்ணும் சொல்லலைன்னா, டொமைன்ல இருக்கிற யாரு வேணும்னாலும் அந்தப் பொட்டியில லாகின் பண்ணலாம். ரெல்ம் பெர்மிட்னு ஒரு கமாண்டு குடுத்து, இந்தக் குரூப்பு மட்டும்தான் உள்ளேன்னு சொல்லணும். நான் சொல்லலை. "எல்லாம் வேலை செய்யுதே"ன்னு நினைச்சேன். ஆமா, எல்லாருக்கும் வேலை செஞ்சுது.

பதினோரு நாள் அப்படியே இருந்துது. பன்னெண்டாவது நாள் வேற டிபார்ட்மென்ட்ல இருந்து ஒரு முதல் வருஷப் பையன் மெயில் போட்டான். ஹோம்வொர்க் சர்வருக்குப் போக வேண்டியவன் பேரைத் தப்பா அடிச்சு எங்க பொட்டிக்குள்ள வந்துட்டானாம். "உங்க ஃபோல்டர் எனக்குத் தெரியுது, தெரியணும்னு நீங்க நினைச்சிருக்க மாட்டீங்கன்னு தோணுது"ன்னு அவ்வளவு மரியாதையா எழுதியிருந்தான். அந்த மெயிலைப் படிச்சப்போ எனக்கு கை சில்லுன்னு ஆயிடுச்சு. ஃபோல்டர் பேரு எல்லாம் தேதியும் நோயாளி நம்பரும்தான், ஆனா வீடியோவுல முகம் இருக்கு.

அரை மணி நேரத்துல மூடிட்டேன். அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் காகிதம். புரொபசர் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். திருநெல்வேலி அக்கா புது வீடியோ எடுக்கிறதை ஒரு மாசம் நிறுத்த வேண்டியதாப் போச்சு, அவங்க டிஃபென்ஸ் தள்ளிப் போச்சு. அவங்க ஒரு வார்த்தை திட்டலை. "விடு தம்பி, நானும்தான் செக் பண்ணலை"ன்னாங்க. திட்டியிருந்தா தேவலாம்.

இப்போ தாத்தா. பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வந்திருக்கறவங்களுக்குத் தெரியும். 1977-ல ஹூஸ்டன்ல இருந்த நம்ம ஆளுங்க சொசைட்டி ஆரம்பிச்சு, சுத்தி ஒண்ணுமே இல்லாத இடத்துல கட்டின கோயில். மதுரைக்காரனுக்கு மதுரை ஞாபகம் வந்தா போய் நிக்கறதுக்கு டெக்சாஸ்ல ஒரு இடம். அங்கதான் அவரைப் பழக்கம். பையன் வீட்டோட இருக்கார். ஒரு பக்கம் வலுவில்லாம போய், பிசியோதெரபி போயிட்டிருந்தார். எங்க ஆராய்ச்சியில சேர்றீங்களான்னு அவரைக் கேட்டதே நான்தான். இங்கிலீஷ்ல இருந்த ஒப்புதல் படிவத்தைக் கோயில் கேன்டீன்ல உக்காந்து வரி வரியா தமிழ்ல சொன்னேன். "வீடியோவை யாரெல்லாம் பாப்பாங்க தம்பி?"ன்னு கேட்டார். "எங்க லேப்ல இருக்கிற ஆறு பேர் தாத்தா, வேற யாரும் பாக்க முடியாது"ன்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டார், இடது கையால.

முறைப்படி லேப்ல இருந்து எல்லாருக்கும் கடிதம் போச்சு. அவருக்கு நானே நேர்ல போய் சொன்னேன். தயிர்சாதத்தை மூடி வெச்சுட்டு முழுசாக் கேட்டார். கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டார். "நான் விழுந்தேனே ஒரு நாள், அதை அந்தப் பையன் பாத்தானா?"

பாக்கலைன்னு அந்தப் பையன் எழுதியிருந்தான், நான் நம்பறேன். ஆனா அந்தப் பதினோரு நாள்ல வேற யாராவது வந்தாங்களான்னா? யாரு எந்த ஃபைலைத் திறந்தாங்கன்னு எழுதி வைக்கிற ஆடிட் சேவையை நான் போட்டிருக்கலை. லாகின் பதிவுல வேத்து ஆள் அவன் ஒருத்தன்தான் இருந்தான். அதைத்தான் தாத்தாகிட்ட சொல்ல முடிஞ்சுது. "சரிப்பா"ன்னார்.

இப்போ என் அபிப்பிராயம். இதுக்குத்தான் இவ்வளவு சுத்தினேன்.

யூனிக்ஸ் பொட்டியை டைரக்டரியில சேக்கறதை நம்ம ஆளுங்க பாஸ்வேர்டு வேலையாப் பாக்கறாங்க. "ஒரே லாகின்ல உள்ள போகுதா? டிக்கெட் குளோஸ்." லாகின் ஆகுறது அதுல பத்து சதவீதம்கூட இல்லைங்க. யாரு எந்தக் குரூப்ல இருக்காங்க, அந்தக் குரூப்ல ஆள் சேக்கற அதிகாரம் யாருக்கு, வெளியே போனவனை எடுக்கறது யாரு, இதுதான் வேலையே. இந்தக் கேள்விக்கு விண்டோஸ் டீம் "அது லினக்ஸ் ஆளுங்க பாடு"ன்னு சொல்லும், லினக்ஸ் ஆளு "டைரக்டரி எங்க கையில இல்லை"ம்பான். ரெண்டு பேருக்கும் நடுவுல தாத்தா வீடியோ.

எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுப் பொலம்பிக்கிட்டிருந்தப்போ சித்தப்பா ஒரு கதை சொன்னார். (சித்தப்பா டேட்டாபேஸ் ஆளு, ஊர்ல உள்ள எல்லா ஆபத்தும் அவருக்கு அத்துப்படி.) வி.எம்.வேர் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ தெரியுமில்ல, ஒரே இரும்புல முப்பது சர்வரை ஓட்டறது. அதை ஆக்டிவ் டைரக்டரியில சேத்தா, "ஈ.எஸ்.எக்ஸ் அட்மின்ஸ்"னு பேரு இருக்கிற குரூப்ல உள்ளவங்க எல்லாருக்கும் அது முழு அதிகாரம் குடுத்துக்கிட்டிருந்துது. அந்தக் குரூப் முன்னாடி இருந்துதா, யாரு உண்டாக்கினது, எதையும் கேக்கலை. பேரு பொருந்துதா, உள்ள வா. எஸ்.ஐ.டி-யைக்கூடப் பாக்கலை. 2024 ஜூலையில மைக்ரோசாஃப்ட் ஆளுங்க இதை வெளிய சொன்னாங்க. அதுக்குள்ள ரான்சம்வேர் கோஷ்டிகள் கண்டுபிடிச்சு வேலையைக் காட்டியாச்சு. அவங்க செஞ்சது ரெண்டு கமாண்டு. அந்தப் பேருல ஒரு குரூப் உண்டாக்கு, உன்னை அதுல சேத்துக்கோ. ஆகிரா, பிளாக் பாஸ்டான்னு இந்த வகை ரான்சம்வேர் இறக்கி, மொத்த சர்வரையும் பூட்டு போட்டுட்டாங்க. பாஸ்வேர்டு உடைக்கலை, பெரிய வித்தை ஒண்ணும் காட்டலை. குரூப் உண்டாக்குற அதிகாரம் கையில கெடைச்சுது, போதும்.

நம்ம லினக்ஸ்ல மட்டும் என்ன வாழுதாம்? சூடோ ஃபைல்ல "லினக்ஸ்-அட்மின்" குரூப்புக்கு ரூட் அதிகாரம்னு ஒரு வரி எழுதிட்டுப் போறோம். டைரக்டரியில அந்தக் குரூப்பை யாரெல்லாம் திருத்தலாம்னு எத்தனை பேர் போய் பாத்திருக்கோம்? ஹெல்ப் டெஸ்க்ல பார்ட் டைம் பாக்கிற ஒரு பையனுக்கு குரூப் திருத்துற அதிகாரம் இருந்தா, நம்ம பதினாலு பொட்டிக்கும் அவன்தான் ரூட். அவனுக்கே அது தெரியாது, அவ்வளவுதான். நான் போய் பாத்தேன். எங்க லேப் குரூப்பைத் திருத்தற அதிகாரம் எங்களுக்கு சம்பந்தமே இல்லாத நிறையப் பேருக்கு இருந்துது. அதை விட வேடிக்கை, குரூப்புக்குள்ள குரூப், அதுக்குள்ள இன்னொரு குரூப்னு வெங்காயம் மாதிரி உரிச்சா, நாலாவது தோல்ல அந்தச் சீனத்துப் பையன் இன்னும் இருந்தான். பட்டம் வாங்கிட்டுப் போய் மூணு வருஷம்!

பொட்டியை டொமைன்ல சேக்கறதுக்கு டொமைன் அட்மின் பாஸ்வேர்டு வேணும்னு ஒரு மூடநம்பிக்கை வேற. ஒரு இடத்துல அந்தப் பாஸ்வேர்டை இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்லயே எழுதி வெச்சிருந்ததை இந்தக் கண்ணால பாத்திருக்கேன். தேவையே இல்லை. ஒரு ஓ.யூ-வுக்குள்ள கம்ப்யூட்டர் கணக்கு உண்டாக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு சின்ன அக்கவுன்ட் போதும். இந்தப் பக்கம் இப்படின்னா அந்தப் பக்கம் நேர் எதிர். மைக்ரோசாஃப்ட் போட்டு வெச்சிருக்கிற டீஃபால்ட்ல, டொமைன்ல இருக்கிற சாதா யூசர் யாரு வேணும்னாலும் பத்து பொட்டி வரைக்கும் சேக்கலாம். ஏன் பத்து, யாருக்காகப் பத்து? நிர்வாகிங்க இதை சைபர் ஆக்கறதுதான் நல்லதுன்னு பாதுகாப்பு ஆளுங்க தொண்டை கிழியக் கத்தறாங்க.

உங்கள்ல சில பேர் இப்பவே சண்டைக்கு வருவீங்க, தெரியும். "ஆராய்ச்சி லேப்ல போய் கோட்டைக் கதவு போட்டா யாரு வேலை பாக்கறது? ஒரு ஃபைலுக்கு மூணு நாள் டிக்கெட் போட்டு நிக்கணுமா?" நியாயமான கேள்வி. இறுக்கிப் பிடிச்சா என்ன ஆகும்னும் பாத்திருக்கேன். பக்கத்து லேப்ல ஒரு போஸ்ட்டாக், இருபதுக்கு மேல குரூப்ல இருக்கார். ஒரு ஃபோல்டர் மட்டும் அவருக்குத் திறக்கவே மாட்டேங்குது. ஐ.டி அடிச்சா குரூப் தெரியுது, ஃபோல்டர் பெர்மிஷன் சரியா இருக்கு, ஆனா "அனுமதி இல்லை". ரெண்டு நாள் மண்டையை உடைச்சிக்கிட்டோம். பழைய என்.எஃப்.எஸ் அங்கீகாரத்துல ஒரு கோரிக்கையோட 16 குரூப் நம்பர்தான் போகும். 17-வது குரூப் வழியிலயே இறங்கிடும். அந்த ஃபோல்டர் அவரோட 17-க்கு அப்புறம் வர்ற குரூப்ல இருந்துது. சர்வர் பக்கம், வர்ற லிஸ்டை நம்பாதே, நீயே குரூப்பைத் தேடிக்கோன்னு ஒரு ஆப்ஷன் குடுத்ததும் சரியாச்சு. அந்த ரெண்டு நாள்ல அவர் என்ன பண்ணினார் தெரியுமா? கடுப்புல டேட்டாவைப் பென் டிரைவ்ல காப்பி பண்ணி எடுத்துட்டுப் போயிட்டார். கதவை அநியாயத்துக்குப் பூட்டினா ஜன்னல் வழியாத்தான் போவாங்க.

அதனாலதான் சொல்றேன், சாவியை டேட்டா யாருதோ அவங்க கையில குடுங்க. ஹெல்ப் டெஸ்க் கையிலயும் வேண்டாம், என்னை மாதிரி அடுத்த வருஷம் ஓடிப் போற மாணவன் கையிலயும் வேண்டாம். ஆக்டிவ் டைரக்டரியில ஒவ்வொரு குரூப்புக்கும் "நிர்வாகி இவர்"னு போட இடம் இருக்கு, பக்கத்துலயே அந்த நிர்வாகி உறுப்பினர்களைத் திருத்தலாம்னு ஒரு டிக் பாக்ஸும் இருக்கு. அந்த டிக் பண்ண எங்க யூனிவர்சிட்டி ஆளுகிட்ட மூணு வாரம் மன்றாடினேன். கடைசியில அக்கா பேருல போட்டாங்க. இப்போ புது ஆள் வந்தா அக்கா சேக்கறாங்க, ஒரு நிமிஷம். போனா எடுக்கறாங்க. டிக்கெட்டும் இல்லை, மூணு நாளும் இல்லை.

சேத்த உடனே வேலை செய்யலைன்னு எனக்கு ஃபோன் மட்டும் வரும். எஸ்.எஸ்.எஸ்.டி வாங்கின தகவலை ஒண்ணரை மணி நேரம் கேஷ்ல வெச்சிருக்கும், அதைக் காலி பண்ணணும். ஏற்கனவே உள்ள இருக்கிறவங்க வெளிய போய் திரும்ப வரணும், ஓடிக்கிட்டிருக்கிற செஷனுக்குப் புதுக் குரூப் ஏறாது. இதுல பயங்கரம் என்னன்னா, எடுக்கறதுக்கும் இதே விதிதான். ஒருத்தரைக் குரூப்ல இருந்து தூக்கின பிறகும் அவர் திறந்து வெச்ச செஷன் பழைய அதிகாரத்தோட ஓடிக்கிட்டே இருக்கும். ஒருத்தர் ஸ்கிரீன் போட்டுட்டு ஊருக்குப் போனா வாரக் கணக்குல. ஆளை எடுத்தா செஷனையும் கொல்லணும்.

என் பக்கம் மாத்தினது கொஞ்சம்தான். எஸ்.எஸ்.எஸ்.டி-யில ஆட்டோ பிரைவேட் குரூப்னு ஒரு வரி இருக்கு, அதைப் போட்டா ஒவ்வொருத்தருக்கும் பழையபடி தனிக் குரூப், டொமைன் யூசர்ஸ் தொல்லை போச்சு. ரெல்ம் பெர்மிட்ல லேப் குரூப் மட்டும். வீடியோ ஃபோல்டர்ல செட்ஜிட் போட்டாச்சு, உள்ள என்ன உண்டாக்கினாலும் அது லேப் குரூப்புக்கே போகும். ஆடிட் ஓடுது. தானா நம்பர் போடறது நல்லதா, இல்லை டைரக்டரியில நம்பரை எழுதியே வைக்கறது நல்லதான்னு கேட்டீங்கன்னா, பொட்டி எல்லாம் லினக்ஸ், எல்லாத்துலயும் எஸ்.எஸ்.எஸ்.டி, அமைப்பும் ஒண்ணேன்னா தானா போடறதே போதும். நடுவுல வேற கம்பெனி ஸ்டோரேஜ் பொட்டி வந்து அதுவும் நம்பர் கேட்டுச்சுன்னா எழுதியே வைங்க, அது வேற கணக்குப் போட்டு வேற நம்பர் குடுக்கும், திரும்ப 1007 கதைதான். இதுல எல்டாப் ஆளுங்களுக்கு ஒரு கிளைக் குழப்பமும் உண்டு. பழைய 2307-ல குரூப்புக்குள்ள ஆளோட பேரை எழுதுவாங்க, அப்புறம் வந்த 2307 பிஸ்-ல ஆளோட முழு விலாசத்தை எழுதுவாங்க. எஸ்.எஸ்.எஸ்.டி-கிட்ட மாத்திச் சொன்னா குரூப் இருக்கும், உள்ள ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. ஆள் இல்லாத கல்யாண மண்டபம் மாதிரி. இதைப் பாத்து ஏமாந்து அவசரத்துக்கு 777 போட்டவங்க இருக்காங்க, பேரு சொல்ல மாட்டேன்.

எனக்கு இன்னும் பதில் கிடைக்காத ஒண்ணு இருக்கு. அக்கா டிசம்பர்ல முடிச்சுட்டுப் போறாங்க. அந்த டிக் பாக்ஸ்ல அடுத்து யாரு பேரு? புரொபசர் "நீயே போட்டுக்கோ"ங்கறார். நானும் மே மாசம் போயிடுவேன். ஆள் போனா நிர்வாகி பேரு தானா மாறுற மாதிரி, இல்லைன்னா யாரும் புதுப்பிக்கலைன்னா குரூப்பே காலாவதி ஆகுற மாதிரி உங்க ஆபீஸ்ல யாராவது ஏற்பாடு பண்ணியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேர் பேரெல்லாம் வேண்டாம், எங்க லேப் பட்ஜெட்டுக்குக் காபி பொடியே ஷேரிங்தான்.

போன ஞாயிறு கோயில்ல தாத்தாவைப் பாத்தேன். கைத்தடி இல்லாம பிரகாரம் சுத்தி வந்துட்டார். புளியோதரை வரிசையில நிக்கும்போது, "இப்போ எத்தனை பேருப்பா?"ன்னார். ஒவ்வொரு மாசமும் இதைக் கேக்கறார், அதனால ஒவ்வொரு மாசமும் கிளம்பறதுக்கு முன்னாடி லிஸ்ட் எடுத்துப் பாத்துட்டுத்தான் போறேன். "அஞ்சு பேர் தாத்தா, ஒருத்தர் முடிச்சுட்டுப் போயிட்டார்"னேன். "அவரை எடுத்தாச்சா?"ன்னார். "எடுத்தாச்சு, செஷனையும் சேத்து." செஷன்னா என்னன்னு அவர் கேக்கலை. தட்டை நீட்டினார்.

வர்ட்டா மக்களே. நாளைக்கு மிட்டேர்ம்.